தொடாமல் சோறு வைத்தவர்கள்: ஒதுங்கிப்போகும் நாய் ஒன்றுக்கு வீடு தேடிய நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கைவிடப்பட்ட நாய்களைப் பிடித்து, மருத்துவம் பார்த்து, வீடு தேடிக் கொடுக்கும் வேலையை நாங்கள் நால்வர் சேர்ந்து செய்துவருகிறோம். அமைப்பு என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எதுவும் இல்லை. ஒரு பழைய வேன், மூன்று கூண்டுகள், கடன் சொன்னால் முகம் சுளிக்காத ஒரு கால்நடை மருத்துவர், இவ்வளவுதான். இந்த ஆய்வு 2023 ஜூன் முதல் 2024 ஆகஸ்டு வரை நாங்கள் கவனித்த ஒரே ஒரு நாயைப் பற்றியது. நாங்கள் கொடுக்கும் நாய்களில் பெரும்பாலானவை போன இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. இது மட்டும், நாங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வீட்டிலிருந்து ஆறாம் நாளே ஓடிப்போயிற்று. ஓடியதற்கான காரணத்தைத் தேடிப் போனபோது அது எங்கள் கேள்விப் படிவத்திலேயே கிடந்தது என்பதால், நடந்ததை முழுதாக எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

கண்ட இடம்

நகரிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, செம்பனைக்கு நடுவில், ஆளில்லாத பழைய லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், ஒன்று இருக்கிறது. பால்மரத்தை (ரப்பர் மரத்தை) வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பிறகு தோட்டத்துக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. ஒவ்வொரு குடும்பமாகத் தாமான் என்னும் குடியிருப்புகளுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் போனது. தோட்டத்தை விட்டுப் போகிறவர்கள் மாட்டை விற்பார்கள், கோழியை அறுப்பார்கள், சாமி படத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். நாய்க்கு மட்டும் புது வீட்டில் இடம் இருக்காது. அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்க்க உரிமம் கிடைப்பது அரிது, தரைவீடானாலும் அண்டை வீட்டாரின் சம்மதத்தைக் கேட்கும் ஊராட்சி மன்றங்கள் உண்டு. ஆகவே நாயை விட்டுப் போனவர்களை எல்லாம் ஈரமற்றவர்கள் என்று எழுதிவிட என் கை வரவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் இதே விஷயத்தில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது.

அந்த லயத்தில் விடப்பட்ட நாய்களின் வாரிசுகளாக ஐந்து நாய்கள் திரிந்தன. செம்பனைக் குலைகளை எலி தின்னாமலிருக்கத் தோட்டங்களில் மெழுகுக் கட்டி போன்ற எலி மருந்தை மரத்தடியில் வைப்பார்கள். அந்த மருந்து இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. அதைத் தின்ற எலியை நாய் தின்றாலும் ஆபத்துதான். வைக்கப்போகும் தேதியை முன்கூட்டியே சொல்லி, அதற்குள் நாய்களைக் கொண்டுபோகும்படி தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர் எங்களுக்குத் தகவல் அனுப்பினார். நான்கு நாய்கள் முதல் நாளே சோற்றுக்கு வந்து பிடிபட்டன. ஐந்தாவது நாய், கலக்கி வைத்த மைலோ பானத்தின் நிறத்தில் ஒல்லியாக இருந்த பெண் நாய், நான்காம் இரவில்தான் கூண்டுக்குள் போயிற்று. நிறத்தைப் பார்த்து மைலோ என்றே பதிவேட்டில் எழுதினோம். அந்தப் பெயரை அது எங்களிடம் கடைசி வரை ஏற்றுக்கொள்ளவில்லை.

பல்லைப் பார்த்து வயது ஏறத்தாழ இரண்டு என்றார் மருத்துவர். எடை 9.4 கிலோ. காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி. இரத்தத் தட்டணுக்கள் குறைந்தது 2 லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 62 ஆயிரம் இருந்தன. உண்ணி வழியே பரவும் ஏர்லிக்கியா கிருமி உறுதியானதால் 28 நாளுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தோம். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும் என்பதால் சோற்றில் மறைத்துத்தான் கொடுக்க வேண்டும். தட்டணு குறைந்த நாயை அறுத்தால் இரத்தம் நிற்காது என்பதால் கருத்தடை அறுவை ஜூலை இறுதிக்குத் தள்ளிப்போனது. உடல் நலத்தைப் பொறுத்தவரை இது எங்களுக்குப் பழகிய கதை. அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பயத்தை அளந்த விதம்

எங்கள் நால்வரில் ஒருவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். ரயில் பாதைக்கு அருகிலுள்ள அவர் வீட்டின் பின்கட்டில்தான் நாய் தங்கியது. அவருடைய கிழட்டு நாய் மணியும் அங்கே உண்டு. மைலோ சீறவுமில்லை, கடிக்கவுமில்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த ஒரு முழ அகல இடைவெளியில் உடம்பைச் செருகி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, நாம் போகும்வரை அப்படியே உறைந்து கிடக்கும். இதை அமைதியான நாய் என்று புதியவர்கள் சொல்வார்கள். அதன் தொடையில் கை வைத்துப் பார்த்தால் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் தசை நடுங்குவது தெரியும்.

இத்தகைய நாயின் முன்னேற்றத்தை வாய்ச்சொல்லால் பதிவு செய்தால் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம் என்று, சிமெண்டுத் தரையில் இரண்டடிக்கு ஒரு கோடாகச் சுண்ணக்கட்டியால் போட்டோம். தட்டை வைத்துவிட்டு ஆள் உட்கார்ந்திருக்க, எத்தனை அடி தூரத்தில் ஆள் இருந்தால் அது வந்து சாப்பிடுகிறது என்பதே கணக்கு. ஜூன் மாதத்தில் 24 அடி, அதுவும் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால். ஜூலை நடுவில் 14 அடி. ஆகஸ்டு முடிவில் 8 அடி. இந்த 8 அடியைப் பார்த்துத்தான் நாய் தயாராகிவிட்டது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

அந்த முடிவின் ஓட்டை இப்போது பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. எட்டடி என்பது அந்த ஒரு மனிதருக்கு, அந்த ஒரு முற்றத்தில், மாலை ஆறு மணிக்கு மட்டும் கிடைத்த எட்டடி. இன்னொரு மனிதரிடமும் இன்னொரு முற்றத்திலும் நாய் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கும்.

நாய்க்குட்டி மனிதரோடு பழக இயற்கை கொடுத்திருக்கும் காலம் மிகச் சிறியது. பிறந்து மூன்றாம் வாரத்தில் தொடங்கி ஏறத்தாழ பதினான்காம் வாரத்துக்குள் அது மூடிக்கொள்கிறது. அமெரிக்க ஆய்வாளர்களான ஃபிரீட்மன், கிங், எலியட் மூவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வில், குட்டிகளை மனிதர் கண்ணில் படாத வேலியிட்ட வெளியில் வளர்த்து, வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டார்கள். பதினான்காம் வாரம் வரை மனிதரையே அறியாமலிருந்த குட்டிகள் அதன்பின் எவ்வளவு பழக்கியும் மிரட்சி தீராமலே இருந்தன. மைலோவின் வயதையும், லயத்தின் கடைசிக் குடும்பம் வெளியேறிய காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஆட்கள் போன பிறகே அது பிறந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அப்படியானால் யாரோ அடித்ததால் அது பயப்படவில்லை. குட்டிப் பருவத்தில் அது மனிதரோடு பழகியதே இல்லை. மீட்கப்பட்ட நாய் என்றதும் அதற்கு ஒரு கொடுமைக்காரனைக் கற்பனை செய்துகொள்வது நம்மவர்களின் வழக்கம். அந்தக் கற்பனை, பாசத்தைக் கொட்டினால் பயம் தீரும் என்ற அடுத்த தவறுக்கு நேராகக் கொண்டுபோய் விடுகிறது. எங்களையும் கொண்டுபோய் விட்டது.

முதல் வீடு

தாமானின் மூலையில் இரட்டை மாடி வீடு, ஆறடி வேலி, தானியங்கிக் கதவு. கணவன் மனைவி இருவரும் அரசு ஊழியர்கள், மூன்று பிள்ளைகள், முன்பு ஒரு நாயைப் பதினோரு ஆண்டு வளர்த்த அனுபவம். எங்கள் படிவத்தின் 31 கேள்விகளுக்கும் இதைவிட நல்ல பதில் யாரும் எழுதியதில்லை. 2023 செப்டம்பர் 11ஆம் தேதி மாலை நாயைக் கொண்டுபோய் விட்டோம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இன்றும் வேறொரு நாய்க்கு அந்த வீட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

அந்த ஆறு நாளில் நடந்ததைத் தாயார் பிற்பாடு எங்களுக்கு ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு, மேரி பிஸ்கட்டும் கையுமாகத் துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நாய் அதன் பின்னால் இருந்தது. “அங்கிள், அது எங்களப் பார்த்து அடிக்கடி கொட்டாவி விட்டுச்சு, நாக்கால மூக்க நக்கிக்கிச்சு. தூக்கமும் பசியும்னு நெனச்சோம்” என்றாள் நடுப் பெண். இரண்டுமே நெருக்குதலில் இருக்கும் நாய் காட்டும் அறிகுறிகள் என்பதை நாங்கள் அவளுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும். படிவத்தை வாங்கிக் கொண்டோமே தவிர, ஒரு பக்கமாவது எழுதிக் கொடுக்கவில்லை. பாட்டி வீட்டிலிருந்து, அலுவலகத்திலிருந்து, எதிர்வீட்டிலிருந்து என்று ஆறு நாளில் இருபத்துமூன்று பேர் புது நாயைப் பார்க்க வந்தார்கள். எண்ணிச் சொன்னவரும் அந்தத் தாயார்தான். நாய் இரவில் மட்டும், விளக்கு அணைந்த பிறகு, சாப்பிட்டது.

16ஆம் தேதி மலேசிய தினம். பொது விடுமுறை, இரண்டு நாள் கழித்து விநாயகர் சதுர்த்தி வருவதால் வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். தந்தை ஒட்டடைக் கம்பைத் தூக்கிக் கூரையை நோக்கி நீட்டினார். அதே நேரம் யாரோ காரை எடுக்கத் தானியங்கிக் கதவைத் திறந்தார்கள். கதவு ஓரடி விலகியதும் நாய் போய்விட்டது.

கம்பைக் கண்டு ஓடியதை அந்தக் குடும்பத்தார் அடி வாங்கிய நினைவாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வேறு விதமாகத் தோன்றியது. செம்பனைத் தோட்டத்தில் தலைக்கு மேல் நீண்ட கம்பு எழுந்தால், அடுத்த கணம் இருபது கிலோவுக்கு மேலும் கனக்கக்கூடிய குலை தடாலென்று விழும். கூடவே முள்மட்டையும் விழும். அங்கே பிறந்து வளர்ந்த எந்த உயிரும் அந்தக் கணத்தில் அங்கே நிற்காது. அதற்குப் பெயர் பயம் என்றால், குலை அறுக்கும் தொழிலாளிக்கும் அந்தப் பயம் உண்டு.

ஒன்பது நாள்

ஓடிப்போன நாயைப் பெயர் சொல்லிக் கூவிக்கொண்டு பத்துப் பேர் தேடுவது, பழகிய நாய்க்குப் பயன்படலாம். மிரண்ட நாயை அது இன்னும் தூரத்துக்கு விரட்டும். இதை அறிந்திருந்தும் முதல் நாள் நாங்கள் மோட்டார் சைக்கிளில் சடக்கெல்லாம் (சாலையெல்லாம்) சுற்றினோம். அன்று மாலையே நிறுத்திவிட்டோம். மூன்றாம் நாள், குலைகளை நிறுக்கும் இடத்தில் இரவுக் காவல் பார்க்கும் ஜாகா, பழைய லயத்துப் பக்கம் அதைப் பார்த்ததாகச் சொன்னார். தாமானிலிருந்து பெரிய சடக்கைக் கடந்து, ஓடையைத் தாண்டி, அது தன் இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அங்கே விடியற்காலையில் போய் வேனுக்குள் விளக்கை அணைத்துக் காத்திருந்தபோது, இந்த ஆய்வுக்கே திருப்பமாக அமைந்த ஒன்றைப் பார்த்தேன். ஐந்தரை மணிக்குத் தொழிலாளர்கள், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் கூடினார்கள். இப்போது அவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள், சிலர் வங்காளதேசிகள். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் கூட்டம் கலைந்தது. ஓர் இந்தோனேசியத் தொழிலாளி மட்டும் பொட்டலத்தைப் பிரித்து, பாதிச் சோற்றை ஓர் இலையில் வைத்து, களத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அவர் முஸ்லிம்; நாயைத் தொட மாட்டார், நாய் தன்னை உரசவும் விட மாட்டார். அவர் முப்பதடி போனதும் மைலோ மட்டைக் குவியலின் பின்னாலிருந்து நிதானமாக நடந்து வந்தது. பதுங்கவில்லை. வாலும் வயிற்றோடு ஒட்டியிருக்கவில்லை. நான்கு மாதம் நாங்கள் பார்த்த நாயின் நடை அது அல்ல. மறுநாளும் அதே மணி, அதே இடம், அதே மனிதர், அதே நடை.

நாங்கள் கோடு போட்டு அளந்து, புத்தகம் பார்த்துச் செய்ய முயன்றதை, அவர் தம் மார்க்கத்தின் ஒழுங்கினாலேயே செய்துகொண்டிருந்தார். கண்ணோடு கண் பார்க்காமல், கை நீட்டாமல், அழைக்காமல், நேரம் தவறாமல் சோறு மட்டும் வைத்தார். அந்த நாய்க்கு மனிதரிடம் வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அவரிடம் சொல்லி, இலையை ஒவ்வொரு நாளும் கூண்டை நோக்கி நகர்த்தி வைக்கச் செய்தோம். கடைசி இரண்டு இரவுகள் கூண்டுக்கு அருகில் மணியையும் கட்டி வைத்தோம். கிழட்டு நாய் குறட்டை விட்டுத் தூங்கியதே பெரிய உதவியாக இருந்தது. ஒன்பதாம் நாள், செப்டம்பர் 25 விடியலில், சாடின் மீனுக்குக் கூண்டின் கடைசி மூலை வரை வந்தது.

மறுபடி தேடியது

உண்ணும் தூரம் 20 அடிக்குப் போயிருந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம் 6 அடியாகக் குறைந்து, நவம்பர் 12ஆம் தேதி தீபாவளி வெடிகளுக்குப் பிறகு 15 அடிக்குத் திரும்பியது. இரண்டு நாள் குளியலறையை விட்டு அது வெளியே வரவில்லை. இதைப் பார்த்தபின், சீனப் பெருநாளும் அதன் ஒன்பதாம் இரவு வெடியும் கடந்து, 2024 பிப்ரவரி 24ஆம் தேதி, பெருநாளின் பதினைந்தாம் இரவான சாப் கோ மே முடியும்வரை நாயை எங்கும் நகர்த்துவதில்லை என்று தீர்மானித்தோம். நம் ஊரில் நாயை இடம் மாற்றுவதற்கும் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருக்கிறது.

படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வேலியின் உயரம், மாத வருமானம், வீட்டின் பரப்பு எல்லாம் இருந்தன. ஒரு நாளைக்கு வீட்டுக்குள் எத்தனை புதிய ஆட்கள் வருவார்கள், வீட்டில் முதலில் எழுபவர் யார், எத்தனை மணிக்கு, ஆறு மாதம் ஆகியும் நாய் உங்களிடம் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விகள் இல்லை. இந்தக் கடைசிக் கேள்விக்கு “பாசம் காட்டினால் கண்டிப்பாக வரும்” என்று எழுதுபவருக்கு இப்படிப்பட்ட நாயைக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. குழுவில் எல்லோரும் இதை ஏற்கவில்லை.

வந்தவர்களில் ஒரு கடைக்காரர் காவலுக்குக் கேட்டார். மிரண்ட நாய் குரைக்காது, ஒளியும். பிறகு அது சங்கிலியில்தான் முடியும். அவருக்கு உடனே மறுத்தோம். நகரை ஒட்டி இரண்டு ஏக்கர் பழத்தோட்டம் வைத்திருந்த ஒருவருக்குக் கொடுக்கச் சிலர் ஆசைப்பட்டார்கள். ஆனால் வேலி கிடையாது, காட்டுப்பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைப்பவர். மறுக்க மனம் வராமல் மறுத்தது ஈப்போவில் வாழும் ஓர் இளம் தம்பதிக்கு. இருவரும் பொறுமைசாலிகள், நாயின் உடல்மொழியை எங்களைவிட நன்றாகப் படித்தவர்கள். ஆனால் ஒன்பதாம் மாடி. சிறுநீர் கழிக்க ஒவ்வொரு முறையும் மின்தூக்கிப் பெட்டிக்குள் அந்நியரோடு நிற்க வேண்டிய வாழ்க்கையை இந்த நாய் தாங்காது. உரிமச் சிக்கல் வேறு.

கீரைக்காரப் பாட்டி

பாட்டி விண்ணப்பிக்கவே இல்லை. அவர் வாரத்தில் இரண்டு நாள் முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் கொண்டுவந்து ஓட்டுநர் வீட்டில் கொடுப்பவர். வயது 71. பதினைந்து வயதில் தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேல் பால் வெட்டியவர். “கீரைக்காரப் பாட்டி வந்தா மட்டும் இது ஒளிய மாட்டேங்குதுய்யா” என்று ஓட்டுநர் டிசம்பரில் சொன்னபோது நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தேன். பாட்டி பின்கட்டுக்கு வந்தார், தமக்குத்தாமே ஏதோ பேசிக்கொண்டே கூடையை இறக்கினார், திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். நாய் இருக்கும் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அது தொட்டியின் பின்னாலிருந்து வெளியே வந்து, பன்னிரண்டடி தள்ளி, மணியின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

பாட்டியின் ஒரு நாளை விசாரித்தோம். பால் வெட்டுக்குப் போன காலத்துப் பழக்கம் மாறாமல் இன்றும் நாலு மணிக்கு எழுகிறார். மின்னல் எப்.எம்.மைப் போட்டுவிட்டு அடுப்பு மூட்டுகிறார், ஐந்தரைக்கு வாசல் பெருக்குகிறார், ஏழு மணிக்குக் கீரைப் பாத்தி, பத்து மணிக்குச் சோறு, இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைக்கிறார். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பேரனைத் தவிர வீட்டுக்கு அதிகம் ஆள் வருவதில்லை. அந்த நாய் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த தோட்டத்துக் கடிகாரம் அந்த வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கேட்டபோது அவர் மகிழ்ந்துவிடவில்லை. “சோறு வெப்பேன் தம்பி. கொஞ்ச மாட்டேன். கொஞ்சணும்னா வேற வீடு பாருங்க” என்றார். ஆறு மாதம் ஆகியும் கிட்டே வரவில்லை என்றால் என்று இழுத்தேன். “வரலேன்னா என்ன? அது பாட்டுக்கு அது இருக்கும், நான் பாட்டுக்கு நான் இருப்பேன்.”

குழுவில் இரண்டு தடைகள் எழுந்தன. முதலாவது வயது. நாய் இன்னும் பத்து ஆண்டு இருக்கும், பாட்டி இருப்பாரா என்ற கேள்வி நியாயமானது. பேரனை இரண்டாம் பொறுப்பாளராகக் கையெழுத்திடச் சொன்னோம், மூன்றாவதாக நாயை எப்போதும் எங்களிடமே திருப்பித் தரலாம் என்றும் எழுதிக்கொண்டோம். இரண்டாவது தடை கடினமானது. முன்பு வளர்த்த பிராணியை எப்போதாவது கைவிட்டதுண்டா என்ற எங்கள் கேள்விக்குப் பாட்டி மறைக்காமல் ஆம் என்றார். தோட்டத்தை விட்டு வந்தபோது ஒரு நாயை அங்கேயே விட்டுவந்திருக்கிறார். “லோரிக்குப் பின்னாடியே சடக்கு வரைக்கும் ஓடி வந்துச்சு” என்பதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் விதிப்படி அந்தப் பதில் வந்த விண்ணப்பத்தை அத்தோடு மூடிவிட வேண்டும். எங்களில் ஒருவர் அந்த விதியில் உறுதியாக நின்றார். 2015ஆம் ஆண்டு விலங்கு நல்வாழ்வுச் சட்டம் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் விதிக்கிறது, சட்டம் வந்தபின்னும் நாம் இளகினால் எப்படி என்பது அவர் வாதம். தோட்டத்து ஊரில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், நாய் வளர்க்கத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் இதிலேயே விழுந்துவிடுவார்கள் என்பது என் வாதம். வீடு மாறச் சொன்னது யார், புது வீட்டில் நாய்க்கு இடம் வைக்காதது யார் என்று பார்க்காமல், கடைசியில் லோரியில் ஏறியவரிடம் மட்டும் கணக்குக் கேட்கிறோம். இரவு பதினொன்று வரை பேசி, மூன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. அந்தக் கேள்வியை நாங்கள் நீக்கவில்லை. அதற்குக் கீழே “ஏன்” என்று ஒரு வரி சேர்த்தோம்.

இடதுபுற அண்டை வீட்டார் மலாய்க் குடும்பம். நாய் எச்சில் பட்டால், ஒரு முறை மண் கலந்த நீரால் என்று மொத்தம் ஏழு முறை கழுவ வேண்டிய சங்கடம் அவர்களுக்கு உண்டு என்பதால், நாய் வருவதற்கு முன்பே பேரனோடு போய்ப் பேசினேன். தங்கள் முன்கட்டுக்கு அது வராமலிருந்தால் போதும் என்றார்கள். பொது வேலியில் ஐந்தடிக்குக் கம்பிவலையும், கீழே வடிகால் ஓரத்தில் கல்லும் வைத்து அடைத்தோம். வாசல் கதவுக்கு உள்ளே பேரன் இன்னொரு கதவு போட்டார். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். உரிமத்தையும் அவரே எடுத்தார்.

குடியேற்றம்

பிப்ரவரி 26ஆம் தேதி காலை, கழுத்துப் பட்டையில் ஒரு கயிறும் மார்புப் பட்டையில் ஒரு கயிறுமாகக் கொண்டுபோனோம். மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொள்வதில் கெட்டிக்காரத்தனம் உள்ளது என்பதால்தான் இரண்டு கயிறு. மணியையும் பத்து நாள் இரவல் கொடுத்தார் ஓட்டுநர். பாட்டி வரவேற்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் “அங்க விடுங்க” என்று கண்ணால் அடுப்படியைக் காட்டினார். விறகு அடுக்கியிருந்த அடுப்பு மேடையின் அடியில் நாய் நுழைந்துகொண்டது. அரைமணி நேரம் நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பாட்டி காம்பைக் கிள்ளிப்போடும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. விறகுச் சந்தில் முதலில் இரண்டு கண்கள் தெரிந்தன, பிறகு காது ஒன்று அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியது.

தத்துப்போன நாய்க்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வழக்கம் பழகும், மூன்று மாதத்தில் வீடு தன்னுடையதாகும். இந்தக் கணக்கை நம்பித்தான் முதல் குடும்பத்தார் நான்காம் நாள் மனம் தளர்ந்தார்கள். மைலோவின் விஷயத்தில் அது எங்குமே பொருந்தவில்லை. முதல் இரண்டு நாள் தண்ணீர் மட்டும். ஒன்பதாம் நாள் 10 அடி. மணி திரும்பிப் போன அன்று மறுபடி 18 அடி. துணை நாய் இல்லாத வீட்டுக்குக் கொடுத்தது பிழை என்று மூன்றுக்கு ஒன்றின் அந்த ஒருவர் நினைவுபடுத்தினார், நானும் தூங்கவில்லை. ஒரு வாரத்தில் அது தானாகச் சரியாயிற்று. நாலு மணிக்கு அடுப்பு மூட்டும்போது பாட்டியின் கால் மேடைக்கு ஓரடியில்தான் இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் நாய்க்குத் தூரக் கணக்கே இல்லாமல் போயிருந்ததை மார்ச்சு இறுதியில் பேரன் கவனித்துச் சொன்னார். ஏப்ரல் 10ஆம் தேதி நோன்புப் பெருநாளை ஒட்டிச் சுற்றிலும் வெடித்தார்கள். அன்று இரவு மேடைக்கு அடியில் போனது, காலை நாலு மணிக்கு வானொலி பாடத் தொடங்கியதும் வெளியே வந்து சாப்பிட்டது. தீபாவளிக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்ட அதே நாய்.

ஆகஸ்டில் போனபோது எடை 13.1 கிலோ. என்னைக் கண்டதும் எழுந்து பாட்டியின் கைலிக்குப் பின்னால் போயிற்று. எனக்கு அது இன்னும் பதினைந்தடி நாய்தான். பாட்டி அதை மைலோ என்று ஒருபோதும் கூப்பிட்டதில்லை. சோற்றை வைத்துவிட்டு “இந்தா” என்பார். அதுவே பெயராகி, இப்போது எங்கிருந்தாலும் “இந்தா” என்றால் காதைத் தூக்குகிறது. தொடுகிறாரா என்று கேட்டேன். “நான் எங்க தொட்டேன், அதுதான் வந்து ஒரசிட்டுப் போவுது” என்றார்.

பின்கட்டில் ஏப்ரலில் நான் போட்டுவைத்த சுண்ணக்கட்டிக் கோடுகளைக் காணவில்லை. தரையில் கிறுக்கி வைத்தது யார் என்று பேரனைத் திட்டிவிட்டுப் பாட்டி கழுவிவிட்டிருக்கிறார். ஆகவே கோப்பிலுள்ள கடைசி அளவு ஏப்ரல் மாதத்து 2 அடிதான். அக்டோபரில் ஆண்டுத் தடுப்பூசி போட வேண்டும். கிளினிக்குக்குக் கொண்டுபோகாமல், விடிவதற்கு முன் மருத்துவரையே அடுப்படிக்கு வரவழைப்பதாக ஏற்பாடு. பேரன் அன்றைக்கு விடுப்புச் சொல்லியிருக்கிறார்.